நூறாம் பக்கத்து டிக்

அம்மிணி, தப்பா நெனச்சுக்காதே. அந்தப் புஸ்தகத்துல எத்தனாவது பக்கத்துல இருக்கறே? அறுபத்தி மூணா? சரி சரி, படி. நான் கதையச் சொல்லிப்போட மாட்டேன், பயப்படாதே. அந்தக் கலங்கரை விளக்கத்துப் புள்ளைக்குக் கடைசியில என்ன ஆகுதுன்னு எனக்குத் தெரியும். தெரியும்னு மட்டும்தான் சொல்றேன்.

ஏன் என்ற கன்னத்தையே பாக்கறே? இன்னும் செவந்துதான் இருக்குதா? காந்திபுரத்துல பஸ் ஏறறப்பக் கண்டக்டர்கூட ஒரு மாதிரி பாத்தாரு. பல்லு வலி இல்லை கண்ணு, அறை வாங்கிட்டு வர்றேன். அம்பத்தி நாலு வயசுல, ஒரு கணக்கு டீச்சர் கையால. சத்தி போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆகும்ல, சொல்றேன் கேளு. புஸ்தகத்தை மடியில வெச்சுக்க. பக்கத்தை மட்டும் மடிக்காதே, அது எனக்குப் புடிக்காது.

என்ற பேரு தனக்கொடி. சத்தியமங்கலத்துல மாவு மில் வெச்சிருக்கறோம். ஊட்டுக்காரரு மோட்டாரையும் பெல்ட்டையும் பாத்துக்குவாரு. அரிசி, ராகி, மொளகாய்னு வர்றதை வாங்கி அரைச்சுக் குடுக்கறது நானு. இந்தப் பொம்பளைக்கும் அந்தப் புஸ்தகத்துக்கும் என்ன சம்பந்தம்னு நீ நெனைக்கறே பாரு, அது மூஞ்சியிலயே தெரியுது. அட்டையிலயே போட்டிருக்கறாங்க, இளையோர் நாவல்னு. போட்டாப் போட்டுட்டுப் போறாங்க. பதினாலு வயசுப் புள்ளைக சைக்கிள்ல ஊரு சுத்தறதும், வாத்தியாரை எதுத்துப் பேசறதும், சினேகிதிகூடச் சண்டை போட்டு அழுகறதும் படிக்கறதுக்கு எனக்கு என்ன குறைச்சல்? பத்தாவது பரிச்சை எழுதுன அடுத்த மாசமே எனக்குக் கல்யாணம் பண்ணிப்போட்டாங்க. பதினாறு வயசு எப்படி இருக்கும்னு நான் வேற எங்க போயிப் பாக்கறது?

மொத புஸ்தகம் எப்படிக் கெடைச்சுதுன்னா, ஒரு ஸ்கூல் புள்ளை ராகி அரைக்க வந்துட்டு, டின்னு மேல மறந்து வெச்சுட்டுப் போயிருச்சு. ஒரு பக்கம் பாக்கலாம்னு எடுத்தேன். ராகிக்குள்ள கம்பு கலந்துபோச்சு, அதுகூடத் தெரியலை எனக்கு. சாயந்திரம் அந்தப் புள்ளை ஓடி வந்து கேட்டப்ப, இங்க ஒண்ணும் இல்லியே கண்ணுன்னுட்டேன். பாவம்தான். ஆனா நான் அப்ப நூத்திப் பத்தாம் பக்கத்துல இருந்தேன்.

அப்பறம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ரத்தினசாமி அண்ணனோட லெண்டிங் லைப்ரரியில சேந்தேன். அவரு மாசம் ஒருக்கா கோயமுத்தூர் போயிப் புஸ்தகம் எடுத்துட்டு வந்து, எல்லாத்துக்கும் காக்கி அட்டை போட்டு வெப்பாரு. இளையோர் நாவலை மட்டும் தனியா ஒரு மஞ்சப் பையில போட்டு, மேசைக்கு அடியில எனக்குன்னு எடுத்து வெச்சிருப்பாரு. யாரு கையும் படாத புஸ்தகம், பசை வாசம்கூடப் போயிருக்காது. ஆறு வருசம் அப்படி. ஊருக்குள்ள வேற யாரும் அதைத் தொடறதில்லை. பெரியவங்களுக்கு அது சின்னப்புள்ளைக சமாச்சாரம், சின்னப்புள்ளைகளுக்குப் போனு இருக்குது. அதனால அத்தனையும் எனக்காவே எழுதுனதுன்னு நான் நெனச்சுட்டேன்.

லெண்டிங் லைப்ரரியில ஒரு வழக்கம் உண்டு. நீயெல்லாம் கடையில வாங்கிப் படிக்கறவ, உனக்குத் தெரியாது. நெறையப் படிக்கறவங்களுக்கு எது படிச்சது, எது படிக்காததுன்னு மறந்துபோகும். காக்கி அட்டைக்குள்ள எல்லாம் ஒண்ணாட்டந்தான் இருக்கும். அதனால ஆளுக்கு ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு குறி. படிச்சு முடிச்சதும் அந்தப் பக்கத்து மூலையில பென்சில்ல போட்டுருவாங்க. அடுத்த தடவை புஸ்தகத்தை எடுத்தா மொதல்ல அந்தப் பக்கத்தைத்தான் திருப்புவாங்க. குறி இருந்தா, படிச்சாச்சுன்னு அலமாரியில வெச்சிருவாங்க. எனக்கு இருபத்தேழாம் பக்கம், மூணு புள்ளி. தாலுகா ஆபீஸ்காரர் ஒருத்தரு பன்னெண்டாம் பக்கத்துல வேல் வரைவாரு.

ஒரு நாளு மஞ்சப் பையில இருந்து புதுசு ஒண்ணு எடுத்துட்டு வந்து படிச்சுட்டே போறேன், நூறாம் பக்கத்துல ஒரு டிக். பரிச்சைப் பேப்பர்ல போடற டிக்கு, அதுக்குக் கீழ ரெண்டு புள்ளி. என்ற மஞ்சப் பைக்குள்ள எவளோ கைய வுட்டிருக்கறா.

மறு நாளு போயிக் கேட்டா ரத்தினசாமி அண்ணன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கறாரு. நளாயினி டீச்சராமா, கணக்கு டீச்சராமா, ரிட்டையர் ஆயி போஸ்டாபீஸ் வீதியில சொந்த ஊட்டுல தனியா வந்து குடியிருக்கறாங்களாமா. பையன் கோயமுத்தூர்ல. நூறாம் பக்கம் எதுக்குன்னா, நூத்துக்கு நூறாமா. அதைச் சொல்லி அவரு மறுக்காச் சிரிக்கறாரு. அந்தம்மாவும் இளையோர் நாவல் தவிர வேற எதும் தொடறதில்லையாமா. ஏனுங்கண்ணா, இத்தனை வருசம் எனக்குத்தானே மொதல்ல குடுத்தீங்கன்னு கேட்டேன். அவங்க ஒரே நாள்ல படிச்சுக் குடுத்தர்றாங்க, நீ பத்து நாளு வெச்சுக்கறே, உனக்கப்பறம் எடுக்கறவங்க மொளகாய் நெடியில தும்மறாங்கன்னு சொன்னாரு. தும்மறாங்களாமா. ஆறு வருசமா தும்மாத மூக்கு இப்பத் தும்முது.

அதுகூடப் பரவால்லைன்னு வெய்யி. ஒரு நாளு நான் போறப்ப டீச்சர் மேசைக்கு முன்னால நின்னு பேசிட்டு இருக்கறாங்க. ஒல்லியா, நரைச்ச தலையை ஒட்ட வாரி, காட்டன் சீலையில மடிப்புக் கலையாம இருக்கறாங்க. அந்த ஹாஸ்டல் கதையில வார்டன் மாட்டிக்கிற எடத்தை அவங்க சொல்லச் சொல்ல, அண்ணன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கறாரு. அந்த எடத்துக்கு நானும் சிரிச்சிருக்கறேன் கண்ணு. மில்லுல தனியா, மோட்டார் சத்தத்துக்குள்ள. ஆறு வருசத்துல அவரு ஒரு நாளாச்சும் எங்கிட்ட, அந்தக் கதை எப்படி இருந்துச்சு தனக்கொடின்னு கேட்டிருப்பாரா? ஊட்டுல சொன்னா இவரு, ம், ம்னுட்டு மோட்டாருக்கு ஆயில் ஊத்தப் போயிருவாரு. எனக்கு அன்னிக்கு அந்தம்மாவைப் பாக்கப் பாக்க அப்படி ஒரு பொறாமை. பொறாமைதான், வேற பேரு வெப்பானேன்.

இன்னொண்ணும் சொல்லிப்போடறேன். டீச்சர் ஒருக்கா மில்லுக்கே வந்தாங்க, கொத்தமல்லி அரைக்க. தராசுக்குப் பக்கத்துல நான் கவுத்து வெச்சிருந்த புஸ்தகத்தைப் பாத்தாங்க. பாத்ததும் அவங்க மூஞ்சி அப்படியே மலர்ந்துபோச்சு. நீங்களும் இதெல்லாம் படிப்பீங்களா, எனக்குப் பேசறதுக்கு ஆளே இல்லைன்னு நெனச்சேனேன்னு சொன்னாங்க. அந்தம்மாவுக்கு ஆளில்லையாமா. நான் வெடுக்குன்னு, என்ற பேத்திக்குங்க, நமக்கு இதுக்கெல்லாம் நேரமேதுன்னுட்டேன். எனக்குப் பேத்தியும் இல்லை, ஒண்ணும் இல்லை. மகனுக்கு இன்னும் பொண்ணே அமையலை. அவங்க கொத்தமல்லிப் பொடிய வாங்கிட்டுப் போயிட்டாங்க. கெஞ்சி நிக்கட்டுமேன்னு நெனச்சேன், நிக்கலை.

அப்பத்தான் இந்தக் கலங்கரை விளக்கத்துக் கதை வந்துச்சு, உன்ற மடியில இருக்குதே அதே கதை. அன்னிக்கு என்னமோ எனக்குத்தான் மொதல்ல கெடைச்சுது. பத்து நாளு வெச்சிருந்து ரெண்டு தடவை படிச்சேன். திருப்பிக் குடுக்கப் போறேன், கால் எழும்ப மாட்டேங்குது. குடுத்தா அந்தம்மா ஒரே நாள்ல படிச்சு முடிச்சுப்போட்டு, மறு நாளு மேசை முன்னால நின்னு பேசுவாங்க, அவரு தட்டித் தட்டிச் சிரிப்பாரு. என்ற கலங்கரை விளக்கத்துப் புள்ளையைப் பத்தி இவங்க ரெண்டு பேரும் என்ன பேசறது? லைப்ரரி வாசப்படியிலயே நின்னு நூறாம் பக்கத்தைத் திருப்பினேன். ஒரு டிக்கு, கீழ ரெண்டு புள்ளி. அவ்வளவுதான் கண்ணு, பென்சில்லதான் போட்டேன்.

ரெண்டு நாளு கழிச்சு, வேற புஸ்தகம் தேடறாப்ல அலமாரிக்குப் பின்னால நின்னு பாத்தேன். டீச்சர் அதை எடுத்தாங்க, நூறாம் பக்கத்தைத் திருப்பினாங்க. மொதப் பக்கத்தைப் பாத்தாங்க, மறுக்கா நூறைப் பாத்தாங்க. அப்பறம் வெச்சுட்டு வேற ஒண்ணை எடுத்துட்டுப் போயிட்டாங்க. எனக்கு எவ்வளவு சந்தோசம்ங்கறே? அன்னிக்கு மொளகாய் அரைச்சும் கண்ணு எரியலை.

அப்பறம் கை சும்மா இருக்குமா? டீச்சர் இன்னும் எடுக்காத பழைய புஸ்தகத்துல, எனக்கு ரொம்பப் புடிச்சதுக்கெல்லாம் போட்டேன். ரெட்டைப் புள்ளைக ரயில்ல தொலைஞ்சுபோற கதை, கபடி டீமு கதை, அப்பன் செத்துப்போன வருசத்துல ஒரு பொண்ணு நீச்சல் பழகுற கதை. மூணு மாசத்துல மொத்தம் நாலு. அவங்க அண்ணன்கிட்டக் கேட்டிருந்தா விசயம் அன்னிக்கே முடிஞ்சிருக்கும். இதை நீங்க இன்னும் எடுக்கவே இல்லீங்களேன்னு அவரு நோட்டைப் பாத்துச் சொல்லியிருப்பாரு. ஆனா அவங்க கேக்கலை. ஏன் கேக்கலைன்னு எனக்கு அப்பப் புரியலை. நாலாவது புஸ்தகத்தைத் திருப்பினப்ப அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டாங்க. கொஞ்சம் தண்ணி குடுங்கன்னு கேட்டாங்க. வெயிலு போலிருக்குதுன்னு நான் ஊட்டுக்கு வந்துட்டேன்.

அதுக்கப்பறம் ஒரு மாசம் நூறாம் பக்கத்துல டிக்கே இல்லை. ரத்தினசாமி அண்ணன் மஞ்சப் பையை எடுத்து எங்கிட்டக் குடுத்தாரு. என்னங்கண்ணா மறுக்கா எனக்கான்னு கேட்டேன், நக்கலாத்தான். அவரு மூஞ்சியில ஈயாடலை. டீச்சர் லைப்ரரி கார்டைத் திருப்பிக் குடுத்துட்டாங்களாமா. அவங்கம்மா கடைசிப் பத்து வருசம் பெத்த மகளையே அடையாளம் தெரியாம, நீங்க யாரு வூட்டுப் பொண்ணுன்னு கேட்டுட்டே கெடந்து போனாங்களாமா. அது தனக்கும் வந்துருச்சுன்னு டீச்சருக்குப் பயம். நான் படிச்சேன்னு என் கையெழுத்தே சொல்லுது ரத்தினசாமி, எனக்கு அதுல ஒரு வரி ஞாபகமில்லைன்னு அழுதாங்களாமா. மகன் வந்து கூட்டிட்டுப் போயித் தலையை ஸ்கேன் பண்ணியிருக்கறாரு. ஒண்ணும் தெரியலை, ஆரம்பமா இருந்தாத் தெரியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராமா. இனித் தனியா வுடக்கூடாதுன்னு ஊட்டைக் காலி பண்ணி வாடகைக்கு வுடப் போறாங்களாமா.

அதைக் கேட்டதும் உனக்கு மொதல்ல என்ன தோணியிருக்கும்? உனக்கு நல்லதாத்தான் தோணியிருக்கும், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. எனக்கு, இனிப் புதுசு எல்லாம் எனக்குத்தான்னு தோணுச்சு. பொய் சொல்லி என்ன ஆகப்போவுது.

மஞ்சப் பையை ஊட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். ரெண்டு புஸ்தகம். கதை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நூறாம் பக்கம் வந்ததும் கையி நின்னுபோகுது. வெறும் மூலை. டிக்கு இருந்தப்ப எரிச்சலா இருந்துச்சு, இல்லாதப்ப சோறு எறங்க மாட்டேங்குது. ஒரு வாரம் பாத்தேன், வெசனம் தாங்கலை. டீச்சர் மில்லுல ஒரு தூக்குப்போசியை மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு அண்ணன்கிட்டப் பொய் சொல்லி, மகனோட அட்ரஸை வாங்கினேன். இன்னிக்கு, ஒறம்பரை, அதான் சொந்தக்காரங்க ஊட்டுல காதுகுத்துன்னு ஊட்டுக்காரருகிட்ட ஒரு பொய். உண்மையச் சொல்லப் போறதுக்கே எத்தனை பொய் வேண்டியிருக்குது பாரு.

கோயமுத்தூர்ல, கணபதிங்கற ஏரியாவுல மூணாவது மாடி. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிட்டாங்க, வேலைக்காரம்மா கதவைத் தொறந்தாங்க. உள்ள போனா, சுவுத்துல எல்லாம் சீட்டு ஒட்டியிருக்குது. சுவிட்சுக்கு மேல ஃபேன்னு ஒரு சீட்டு, லைட்டுன்னு ஒரு சீட்டு. அடுப்படிக் கதவுல, கேஸை மூடியாச்சான்னு. மகன் ஒட்டினதாமா, முன்னெச்சரிக்கைக்கு. டீச்சர் நாற்காலியில ஒரு நோட்டோட உக்காந்திருக்கறாங்க. எட்டிப் பாத்தேன். ரெண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி, ஒம்பது பத்துக்கு மாத்திரைன்னு எழுதியிருக்குது. பக்கம் பக்கமா அதேதான். புஸ்தகம்னு ஒண்ணுகூட அந்த ஊட்டுல கண்ணுக்குப் படலை.

என்னையப் பாத்ததும் சிரிச்சாங்க. "மாவு மில் தனக்கொடிதானே? பேத்தி நல்லா இருக்கறாளா, இன்னும் படிக்கறாளா?"ன்னு கேட்டாங்க.

நான் ஒரு நாளு, வெடுக்குன்னு சொன்ன பொய்யி. அதை எடுத்து வெச்சிருக்கறாங்க. எனக்குப் பேத்தி இல்லைங்க டீச்சர்னு வாயில வந்துருச்சு. அவ்வளவுதான், அவங்க மூஞ்சி வெளுத்துப்போச்சு. பேனாவை எடுத்து, தனக்கொடிக்குப் பேத்தி இல்லைன்னு நோட்டுல எழுதறாங்க. அதுவும் நானா நெனச்சுட்டனான்னு முணுமுணுக்கறாங்க. நான் தரையில உக்காந்து அவங்க கையப் புடிச்சுட்டேன்.

"நீங்க மறக்கலைங்க டீச்சர். பேத்தின்னு நாந்தான் பொய் சொன்னேன். அந்த டிக்கும் நாந்தான் போட்டேன்."

அவங்களுக்கு உடனே புரியலை. நோட்டை வாங்கி, இட்லிக்குக் கீழேயே போட்டுக் காட்டினேன். ஒரு டிக்கு, கீழ ரெண்டு புள்ளி. அப்படியே அவங்க கையாட்டமே இருக்குது. அதைப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க, மறுக்கா அதைப் பாத்தாங்க. ஏன்னு கேக்கலை. எழுந்திரின்னாங்க, எழுந்தேன். வுட்டாங்க ஒரு அறை. முப்பது வருசம் சாக்பீஸ் புடிச்ச கையி, வேலைக்காரம்மா அடுப்படியில இருந்து ஓடி வந்துட்டாங்க. அதுக்கப்பறம் டீச்சர் சுவுத்துப் பக்கம் திரும்பி நின்னுட்டு அழுதாங்க. தேம்பித் தேம்பி, சின்னப்புள்ளையாட்டம். நான் எங்க நிக்கறதுன்னு தெரியாம நின்னேன்.

அழுது முடிச்சுட்டு மூஞ்சி கழுவிட்டு வந்தாங்க. நாற்காலியில நேரா உக்காந்து நோட்டுல புதுப் பக்கத்தைத் திருப்பினாங்க. "எந்தெந்தப் புஸ்தகம்? வரிசையாச் சொல்லு"ன்னாங்க.

சொன்னேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு நம்பர் போட்டு எழுதிக்கிட்டாங்க. கலங்கரை விளக்கம்னதும் என்னைய அறியாம, அதுல டீச்சர் அந்தப் புள்ளை கடைசியிலன்னு ஆரம்பிச்சுட்டேன். "ஒரு வார்த்தை கதை சொன்னே, இன்னொரு கன்னமும் வீங்கும்"னாங்க. எழுதி முடிச்சுட்டு எழுந்து போயி, ஃபேன் சுவிட்சு மேல ஒட்டியிருந்த சீட்டைக் கிழிச்சாங்க. லைட்டு சீட்டைக் கிழிச்சாங்க. அப்பறம் மகனுக்குப் போன் போட்டு, இந்த ஞாயித்துக்கிழமை நான் சத்திக்குப் போறேன், ஊட்டை யாருக்கும் வுட வேண்டாம்னு சொன்னாங்க. அவரு அந்தப் பக்கம் என்னமோ கத்தறாரு, இவங்க காதுல வாங்கவே இல்லை.

நான் கிளம்பறப்பக் காப்பி குடிச்சியான்னும் கேக்கலை, போயிட்டு வான்னும் சொல்லலை. அதை எதிர்பாக்கற யோக்கியதை எனக்கில்லை, அது தெரியும். நாலையும் மஞ்சப் பையில எடுத்து வெக்கச் சொல்லு ரத்தினசாமிகிட்டன்னு மட்டும் சொன்னாங்க. என்ற மஞ்சப் பையில.

அறை வாங்குனது எனக்கு வலிக்கலை கண்ணு. தப்புப் பண்ணினேன், வாங்கினேன், கணக்கு நேராப்போச்சு. லிப்டுல எறங்கறப்பத்தான் ஒண்ணு சுருக்குன்னுச்சு. அந்தம்மா நாலையும் இனிமேத்தான் படிக்கப் போறாங்க. ரெட்டைப் புள்ளைக எந்த ஸ்டேசன்ல எறங்குதுன்னு அவங்களுக்குத் தெரியாது. நீச்சல்காரப் பொண்ணு மொத மொதல்ல தண்ணிக்குள்ள குதிக்கறது தெரியாது. ஞாயித்துக்கிழமை உக்காந்து, மொதப் பக்கத்துல இருந்து, ஒண்ணுமே தெரியாமப் படிப்பாங்க. அப்படிப் படிக்கறதுக்கு நான் எங்க போவேன்? எனக்கு அத்தனையும் ஞாபகம் இருக்குது, ஒரு வரி வுடாம. என்ற கெரகம், அந்தம்மாவுக்கு மறதி வந்துருச்சுன்னு நாடகம் ஆடினனே, அது எனக்கு நெசமாவே வரக்கூடாதா? எல்லாத்துக்கும் வேண்டாம், அந்த நாலு புஸ்தகத்துக்கு மட்டும் வந்தாப் போதும்.

அன்னூர் வந்துருச்சா? பேசிட்டே இருந்ததுல தெரியலை. நீ படி கண்ணு. அறுபத்தி மூணுன்னுதானே சொன்னே? நீயும் குடுத்து வெச்சவதான். நான் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பாத்துட்டு வர்றேன், உன்னையத் தொந்தரவு பண்ண மாட்டேன்.

என்ன கண்ணு, அறுபத்தி அஞ்சுலயே நிக்கறே? முடிஞ்சுதுன்னாத் திருப்பு. இந்தப் பக்கத்தை நான் இங்க இருந்தே அப்பவே படிச்சு முடிச்சுட்டேன்.